நல்லவேளை மாமா

சிரம்பான் வட்டாரத்தில் தாமானுக்கு ஒரு நல்லவேளை மாமாவாவது இருப்பார். லாபு, ரந்தாவ், சிலியாவ் என்று ஏதோ ஒரு பக்கத்துத் தோட்ட லயத்தில் பிறந்தவர். தோட்டம் வீட்டுமனையாக மாறிய பிறகு டவுன் ஓரத்தில் குடியேறியவர். வாசலில் ‘என்’ எழுத்தில் தொடங்கும் நம்பரோடு ஒரு பழைய புரோட்டோன் சாகா நிற்கும். நாட்டின் முதல் சாகா வெளிவந்தது 1985 ஜூலை 9. மாமாவின் காடி அதற்குச் சில வருஷம் இளையது. மனுஷனாக இருந்தால் முழங்கால் வலி தொடங்கியிருக்கும் வயசு.

காடி எங்கே படுத்தாலும் மாமா வாயில் முதலில் வருவது ‘நல்லவேளை’தான். பாசார் வாசலில் பேட்டரி கொங் ஆனால், “நல்லவேளை, ஹைவேல ஆகல.” ஹைவேயிலேயே ஆகிவிட்டால், “நல்லவேளை, மழ இல்ல.” மழையும் கொட்டினால், “நல்லவேளை, எஞ்சின் சூடு ஆறிரும்.”

அத்தை பதிலே சொல்வதில்லை. பிஸ்கெட் டின்னைத் திறந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு கொடுப்பார். அந்த டின் காடியோடு சேர்ந்த உறுப்பு. பூட்டில் இருக்கும் மற்ற சாமான்களும் அப்படித்தான்: எண்ணெய்த் தோம்பில் பிடித்த ஐந்து லிட்டர் தண்ணீர், ஜம்பர் கேபிள், இழுக்கக் கயிறு, தரையில் படுத்துப் பார்க்க ஒரு பழைய சாரோங். ஸ்பேர் டயர் மட்டும் வழுக்கை.

கோலப்பிலாவுக்கு ஏறும் புக்கிட் புத்துஸ், மாமாவுக்குப் பாடல் பெற்ற தலம். பாம்பாக வளைந்த பழைய ரோட்டில் ரேடியேட்டர் கொதிக்காமல் அவர் மலை தாண்டியதாகச் சரித்திரமில்லை. பிறகு அகலமான புது ரோடு வந்தது. ஏற்றம் ஏற்றம்தானே, இப்போது அகலமாக நின்று கொதிக்கிறது. அங்கே நிற்கும்போதெல்லாம் ஆள் சேரும். மோட்டாரில் வரும் மலாய்ப் பையன் தண்ணீர் பிடித்து வருவான். சீன லோரிக்காரர் தாமாகவே நிறுத்தி பானட்டுக்குள் எட்டிப் பார்ப்பார். தமிழர் யாராவது நிறுத்திவிட்டாலோ காரியம் கெட்டது. ‘எந்தத் தோட்டம்?’ என்று ஆரம்பித்து, அங்கே தண்டலாக இருந்தவர் யார், கிராணி யார் என்று போய், கால்மணியில் சம்பந்தி முறை வந்துவிடும். காடி ஆறிய பிறகும் பேச்சு ஆறாது. மாமாவின் மகள் கல்யாணத்துக்கு இப்படி ரோட்டோரத்தில் கிடைத்த சொந்தம் மட்டும் இரண்டு மேசை.

இந்தப் பொறுமை சும்மா வரவில்லை. பிரேசிலிலிருந்து லண்டன் வழியாகச் சுற்றி, 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை 22 ரப்பர்க் கன்றுகள். ‘நடுங்கள், நடுங்கள்’ என்று விதையும் கையுமாக அலைந்த தாவரவியல்காரர் ரிட்லியை, வெள்ளைக்கார முதலாளிகளே பைத்தியம் என்றார்கள். 1908-இல் ஃபோர்டின் மாடல் டி காடி வந்தது. 1910-இல் ரப்பர் விலை விண்ணுக்குப் போனது. நெகிரி செம்பிலான் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. கங்காணி பின்னால் கப்பலேறி வந்த சனத்தில் மாமாவின் பாட்டனும் ஒருவர். உலகத்து டயருக்கெல்லாம் பால் எடுத்துக் கொடுத்த குடும்பம் அது. அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாக நாலு டயர் வந்து சேர மூன்று தலைமுறை பிடித்தது.

அதுவரை எல்லாவற்றுக்கும் தோட்டத்து லோரிதான். திருவிழாவுக்கும் லோரி, டிரசர் கைவிரித்தால் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கும் லோரி. அதுவும் துரை மனசு வைத்தால். அப்படி நின்றுகொண்டே போனவருக்கு, நின்றுபோன காடிக்குள் உட்கார்ந்திருப்பதுகூட ஒரு வசதிதான்.

போர்மன் கட்சி வேறு. ஒவ்வொரு தடவையும் பானட்டை மூடிவிட்டு, “அங்கிள், ஜுவால் லா” என்பார். விற்றுவிடு என்று அர்த்தம். மாமா சிரித்துக்கொண்டே காசை எண்ணி வைப்பார். இப்படி எண்ணி வைத்ததில் போர்மன் வீட்டுக்கு ஒரு புது மைவி வந்திருக்கும் என்று அத்தைக்குச் சந்தேகம்.

ஒரு தைப்பூசத்துக்கு முதல் நாள் காடி அசையவே மறுத்தது. டைமிங் பெல்ட் அறுந்திருந்தது. பத்துமலைக்குப் போயே ஆகவேண்டும்; குடும்பம் கொமுட்டரில் ஏறியது. சிரம்பானில் ஏறினால் மாறாமல் கொள்ளாமல் நேரே கோயிலடியில் இறக்கிவிடும் ரயில். குளுகுளுவென்று ஏசி. உட்கார இடமும் கிடைத்தது. ஜாம் இல்லை, பார்க்கிங் தேடும் வேலை இல்லை, டெம்பரேச்சர் முள்ளையே பார்த்துக்கொண்டு வரும் வேலையும் இல்லை.

லாபு தாண்டும்போது அத்தை காலை நீட்டிக்கொண்டு, முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னார்.

“நல்லவேளைங்க, காடி கெட்டுச்சு.”

மாமாவுக்கு முகம் தொங்கிப்போனது. காஜாங் வரும்வரை அவர் யாரோடும் பேசவில்லை. காடியைப் பற்றி வீட்டில் யாரும் இவ்வளவு கேவலமாகப் பேசியதில்லை.