பேருக்கு என்ன வாடகை?

மதுரையில் எந்தப் புகழும் ஊர் எல்லையோடு நிற்பதில்லை. அலங்காநல்லூரில் மைக் பிடிப்பவர் ‘உலகப் புகழ்பெற்ற’ என்று ஆரம்பிக்காமல் ஒரு காளையைக்கூட வாடிவாசலுக்கு வெளியே விட்டதில்லை. காதுகுத்துக்கு வைக்கிற ஃப்ளெக்ஸில் தாய்மாமன் குறைந்தபட்சம் தென்மண்டலத்தின் விடிவெள்ளி. விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்கப் போனால் ‘ஃபேமஸ்’ என்று போடாத பலகையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படி ஒன்று கிடைத்தாலும் அதில் ‘ஒரிஜினல்’ என்று இருக்கும்.

இந்தத் துறையில் எங்கள் ஊரின் பெரிய சாதனை தங்கம் தியேட்டர். 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்த கொட்டகை. 2,563 இருக்கைகள். ஆசியாவிலேயே பெரியது என்று தாத்தா சொன்னார், அப்பா சொன்னார், நானும் வெளியூர்க்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். டோக்கியோவிலும் மணிலாவிலும் உள்ள கொட்டகைகளில் நாற்காலி எண்ணிவிட்டு வந்தவர் எங்கள் தெருவில் யாரும் கிடையாது. கடைசி வரிசையில் உட்கார்ந்தால் சிவாஜி அழுகிறாரா சிரிக்கிறாரா என்பதை வசனத்தை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆசியாவிலேயே பெரியது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? கொட்டகையை மூடி, இடித்து, அங்கே ஜவுளிக்கடை வந்தும் பல வருஷம் ஆகிறது. படம்தான் நின்றுபோனது, ‘ஆசியாவிலேயே’ இன்னும் ஓடுகிறது.

இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவனுக்கு ‘உலகின் மிக மதிப்புமிக்க பிராண்டுகள்’ என்ற பட்டியலைப் பார்த்தால் மலைப்பு வருவதில்லை. சொந்தக்காரனைப் பார்த்த மாதிரிதான் இருக்கிறது.

அந்தப் பட்டியலை வீட்டுக்குள் கொண்டுவந்தவன் என் அக்கா மகன். எம்.பி.ஏ. படிக்கிறான். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, “மாமா, ஆப்பிளோட பேருக்கு மட்டும் என்ன மதிப்புன்னு சொல்லுங்க பாப்போம்” என்றான்.

“ஃபோனுக்காடா?”

“ஃபோனு, கட்டடம், ஆளுக எதுவும் கிடையாது. வெறும் பேரு.”

“யார்ட்ட கேட்டுச் சொல்றாய்ங்க?”

அங்கேதான் விஷயம் சுவாரசியமானது. இந்தப் பட்டியல் போடுகிறவர்களில் பெரிய கைகள் மூன்று. இன்டர்பிராண்ட், பிராண்ட் ஃபைனான்ஸ், கான்டார். மூன்றும் வருஷம் தவறாமல் வெளியிடுகின்றன. 2023ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஆப்பிள் என்ற பெயரின் மதிப்பு பிராண்ட் ஃபைனான்ஸ் கணக்கில் 29,750 கோடி டாலர். இன்டர்பிராண்ட் கணக்கில் 50,270 கோடி டாலர். கான்டார் கணக்கில் 88,000 கோடி டாலர். அதே கம்பெனி, அதே வருஷம், அதே கடித்த ஆப்பிள். கான்டாருக்கும் பிராண்ட் ஃபைனான்ஸுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் மட்டும் 58,250 கோடி டாலர். அதாவது, இன்டர்பிராண்ட் போட்ட மொத்த மதிப்பைவிட அதிகம். போதாததற்கு, அந்த வருஷம் பிராண்ட் ஃபைனான்ஸ் பட்டியலில் ஆப்பிள் முதலிடத்திலேயே இல்லை. 29,930 கோடியோடு அமேசான் உட்கார்ந்திருந்தது.

நம் ஊரிலும் ஒரு மனைக்கு மூன்று விலை உண்டு. பத்திர ஆபீஸின் வழிகாட்டி மதிப்பு ஒன்று, புரோக்கர் சொல்வது ஒன்று, சம்பந்தியிடம் சொல்வது ஒன்று. ஆனால் அதில் எது நிஜமில்லை என்பது மூன்று பேருக்குமே தெரியும். யாரும் அதை அட்டவணை போட்டு உலகத்துக்கு அறிவிப்பதில்லை.

“மெத்தடாலஜி வேற வேற மாமா” என்றான் மருமகன். இந்தச் சொல்லுக்கு அவன் கட்டியிருக்கிற ஃபீஸை நினைத்து நான் பேசாமல் இருந்தேன். விளக்கினான். பிராண்ட் ஃபைனான்ஸ்காரர்கள் கம்பெனிக்கு அதன் பெயர் சொந்தமில்லை என்று வைத்துக்கொள்கிறார்கள். பெயர் வேறொருவருடையது, அதை வாடகைக்கு எடுத்து வியாபாரம் செய்கிறது என்றால் விற்பனையில் நூற்றுக்கு எத்தனை வாடகையாகப் போகும்? இனி வரப்போகும் வருஷங்களுக்கெல்லாம் அதைக் கூட்டி, இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருகிறார்கள். இன்டர்பிராண்ட் வரப்போகும் லாபத்தில் பெயருக்காக வருவது எவ்வளவு என்று பிரிக்கிறது. பிறகு அந்தப் பெயருக்கு எவ்வளவு வலு என்று மார்க் போடுகிறது. கான்டார் வாங்குகிறவர்களையே கேட்டு, அந்தப் பதில்களையும் கம்பெனிக் கணக்கையும் சேர்த்துப் பெருக்குகிறது.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பெயருக்கு வாடகை என்பது முழுக் கற்பனையும் அல்ல. டாட்டா குழுமக் கம்பெனிகள் அந்தப் பெயரை வைத்துக்கொள்வதற்காக டாட்டா சன்ஸுக்கு வருஷா வருஷம் கட்டணம் கட்டுகின்றன. எனக்கு உறுத்தியது அந்த 50,270இல் கடைசியில் நிற்கிற எழுபதுதான். 58,000 கோடி முன்னே பின்னே இருக்கலாம் என்கிற கணக்கில், எழுபது கோடி டாலரை விடாமல் பொறுக்கி எடுத்து ஒட்டியிருக்கிறார்களே, அந்த நேர்மையை என்ன சொல்வது!

இந்தக் கலை பிறந்த கதையையும் மருமகன்தான் எடுத்துக் கொடுத்தான். 1988இல் இங்கிலாந்தில் ரேங்க் ஹோவிஸ் மக்டூகல் என்ற ரொட்டி, மாவுக் கம்பெனியை குட்மேன் ஃபீல்டர் வாட்டி என்ற இன்னொரு கம்பெனி விழுங்கப் பார்த்தது. ரொட்டிக்காரர்கள் இன்டர்பிராண்டைக் கூப்பிட்டுத் தங்கள் பெயர்களுக்கெல்லாம் ஒரு மதிப்புப் போட்டுச் சொத்துக் கணக்கில் ஏற்றினார்கள். ‘எங்கள் விலை நீ நினைக்கிற விலை இல்லை’ என்று வந்தவனுக்குச் சொல்வதற்காக. வாங்க வந்தவனை விரட்டப் போட்ட கணக்குதான் இன்று உலகம் சுற்றுகிறது. இன்றைக்கு இன்டர்பிராண்ட் இருப்பது ஆம்னிகாம் என்ற பெரிய விளம்பரக் குழுமத்துக்குள். கான்டார் பல காலம் டபிள்யூ.பி.பி. என்ற இன்னொரு விளம்பரக் குழுமத்தின் சொத்தாக இருந்தது. பட்டியல் இலவசம். பட்டியலில் மேலே ஏறுவது எப்படி என்ற ஆலோசனைக்குத்தான் காசு.

வாடகைக் கணக்கை நம் ஊரில் போட்டுப் பார்க்க எனக்கு ஆசை. மருமகனை விளக்குத்தூண் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். எனக்குத் தெரிந்த ஜிகர்தண்டாக்காரர் ஒருவர். (அவர் பலகையிலும் ‘ஃபேமஸ்’ உண்டு, பயப்பட வேண்டாம்.) ஊறிப் பெருத்த கடல்பாசியைக் கண்ணாடி டம்ளரின் அடியில் ஒரு கரண்டி போட்டார். அதன்மேல் நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிப் பழுப்பேறிய குளிர்ந்த பால், கடைசியில் ஐஸ்கிரீம். நீளக் கரண்டியால் ஒரே ஒரு சுற்று. அந்த ஒரு சுற்றில்தான் ஆள் ஃபேமஸா இல்லையா என்பது தெரியும். கூடப் போனால் எல்லாம் கலங்கிவிடும். குறைந்தால் பாசி அடியிலேயே கிடக்கும்.

“அண்ணே, ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். கடைப் பேரு உங்களுது இல்ல. இன்னொருத்தருக்குச் சொந்தம். அவருக்கு மாசா மாசம் என்ன வாடகை குடுப்பீங்க?”

“பேருக்கா? கடைக்குக் குடுக்கவே முழி பிதுங்குது.”

“இல்லண்ணே, பேரு இல்லாட்டி யாவாரம் குறையும்ல, அதுக்கு.”

“ஏன் குறையும்? வேற பேரு வச்சுக்கிட்டுப் போறேன். பக்கத்துக் கடைக்காரரு என் பேரைத்தான வச்சிருக்காரு? அவரு என்ன வாடகையா குடுத்தாரு?”

அடுத்த கட்டமாக மருமகன், ஒரு நாளைக்கு எவ்வளவுக்கு ஓடும் என்று கேட்டான். அவர் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “தம்பி இன்கம்டாக்ஸா?” அதோடு மதிப்பீடு முடிந்தது. நல்லவேளை, இன்டர்பிராண்ட் பட்டியலுக்கு இவர் தகுதியும் இல்லை. அதில் சேர வரவுசெலவு ஊரறிய இருக்க வேண்டும். வருமானத்தில் 30 சதவீதமாவது சொந்தப் பிரதேசத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும். இவருக்கு வெளிப்பிரதேசம் என்பது திருமங்கலம்.

மதுரைக்காரன் ஏன் இந்தப் பட்டியல்களைச் சந்தேகிக்கிறான் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் சனம் உட்கார்ந்ததே, அந்தச் சூடு ஆறுவதற்குள் வணிகர் சங்கங்கள் மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று அறிவித்தன. அந்த வருஷ இன்டர்பிராண்ட் பட்டியலில் கோக்க கோலாவுக்கு நான்காவது இடம். 6,970 கோடி டாலர். 2000 முதல் 2012 வரை விடாமல் முதலிடத்தில் இருந்த பெயர் அது. எங்கள் பக்கத்துப் பெட்டிக்கடையில் கம்பெனி கொடுத்த சிவப்பு ஃப்ரிட்ஜ் அப்படியே இருந்தது. உள்ளே வரிசையாகப் போவண்டோ. அதைத் தயாரிக்கிற காளிமார்க் 1916இல் விருதுநகரில் ஆரம்பித்த கம்பெனி. எந்த உலகப் பட்டியலிலும் எட்டிப் பார்த்ததில்லை. உலகின் நான்காவது பெயரைத் தாங்கிய கண்ணாடிக் கதவைத் திறந்து, பெட்டிக்கடை அக்கா விருதுநகரை எடுத்து நீட்டினார். அந்தச் சில வாரங்களில் எங்கள் தெருவில் 6,970 கோடிக்கு ஒரு கடலைமிட்டாய்கூடக் கிடைத்திருக்காது. பிறகு கோடை வந்தது, கொள்கை இளகியது, பழைய பாட்டில்கள் மெல்ல உள்ளே ஏறிக்கொண்டன. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நோக்கியாவை மறந்துவிட்டோம். 2009இல் அதே இன்டர்பிராண்ட் பட்டியலில் ஐந்தாம் இடம், ஏறத்தாழ 3,500 கோடி டாலர். 2013இல் 57ஆம் இடம். 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஆலையை மூடினார்கள். சரிந்ததை நான் குறை சொல்லவில்லை, யாரும் சரியலாம். ஆனால் அந்த 3,500 கோடி என்பதே வரும் வருஷங்களில் பெயர் சம்பாதிக்கப்போவதைக் கூட்டிப் போட்ட தொகைதானே? அந்தக் கூட்டலில் 2013ஐயும் 2014ஐயும் என்ன நினைத்துச் சேர்த்தார்கள்?

இவ்வளவு பேசுகிற நாங்கள் ஒழுங்கா என்றால், அதுவும் இல்லை. 2017இல் மீனாட்சி அம்மன் கோயிலை நாட்டிலேயே சிறந்த தூய்மைச் சின்னமாகத் தேர்ந்தெடுத்தார்கள். டீக்கடையில் ஒருவரும் மெத்தடாலஜி கேட்கவில்லை. “அம்மா கோயில்ல, வேற எது வரும்?” என்று விட்டுவிட்டார்கள். 2025 ஜூலையில் தூய்மைக் கணக்கெடுப்பு முடிவு வந்தது. பத்து லட்சத்துக்கு மேல் சனத்தொகை உள்ள 40 நகரங்களில் மதுரைக்கு 40ஆவது இடம். அன்று காலையில் அதே பெஞ்சில் அதே ஆட்கள் புள்ளியியல் மேதைகளாகிவிட்டார்கள். யாரைக் கேட்டான், எந்தத் தெருவில் எடுத்தான், எந்த மாசம் வந்தான், சித்திரைத் திருவிழா கூட்டத்தில் எடுத்தானா, மார்க் போட்டவனுக்கு எந்த ஊர்? டம்ளரைக் கழுவிய தண்ணீரை வாசலில் விசிறியபடியே கடைக்காரர் சொன்னார்: “வேணும்னே பண்றாய்ங்கண்ணே.” தண்ணீர் என் செருப்புவரை வந்து நின்றது.

மருமகன் சோர்கிற ஆள் இல்லை. கல்லூரிப் புராஜெக்டுக்காகத் தானே ‘மதுரையின் டாப் 10’ என்று ஒரு பட்டியல் போட்டான். கடைவீதியில் போகிற வருகிறவர்களை நிறுத்திக் கேட்டு எடுத்தது. முதலிடம் ஒரு பலகாரக் கடைக்கு. சேதியைச் சொல்ல என்னையும் துணைக்கு அழைத்துப் போனான்.

“அண்ணாச்சி, எங்க லிஸ்ட்ல நீங்கதான் ஃபர்ஸ்ட்!”

அண்ணாச்சி முகத்தில் சலனமே இல்லை. கல்லாவை இழுத்தார். “எவ்வளவு ஆகும் தம்பி?”

“ஐயோ, ஒண்ணும் வேணாம் அண்ணாச்சி. இது சும்மா.”

கல்லாவை மூடினார். “சும்மாவா? போன மாசம் ஒருத்தரு வந்தாரு. சிறந்த தொழிலதிபர் அவார்டு. சால்வை, ஷீல்டு, பெரிய ஹோட்டல்ல சாப்பாடு, எல்லாத்துக்கும் சேர்த்து பில்லு. அந்தா மாட்டியிருக்கேன் பாருங்க, சாமி படத்துக்குப் பக்கத்துல. நீங்க சும்மா குடுத்தா அதை எவன் மதிப்பான்?”

மருமகன் பேப்பரை மடித்துப் பையில் வைத்தான். நாங்கள் படியிறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“தம்பி, ரெண்டாவது யாரு?”

சொன்னான். எதிர் வரிசைக் கடை.

“அதை ஒரு காப்பி எடுத்து லேமினேட் பண்ணிக் குடுங்க. கொஞ்சம் பெருசா.”