மாமியார் கட்டிய கோயில்

சரித்திரப் படம் பார்த்துவிட்டு வரும் நம் ஆட்களுக்கு ஒரு ராணி வேண்டும். அவள் குதிரையில் வர வேண்டும், வாள் சுழற்ற வேண்டும், தலைமுடி மட்டும் கலையக் கூடாது. மங்கலம்பேட்டையிலிருந்து தெற்கே பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் விருத்தாசலம். அங்கே பழமலைநாதர் கோயிலைக் கருங்கல்லால் எடுப்பித்த ராணி வாள் தூக்கியதாக எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. செம்பியன் மாதேவியார் தூக்க வைத்ததெல்லாம் கல்தான்.

மழவர் வீட்டுப் பெண். கண்டராதித்த சோழருக்கு வாழ்க்கைப்பட்டார். அந்த மனுஷர் தில்லைக் கூத்தன் மேல் பதிகம் பாடியவர். நாட்டை ஆண்டதைவிட அதற்குத்தான் இன்று பேர். 957 வாக்கில் அவர் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை சின்னது. சிம்மாசனத்தில் கொழுந்தன் அரிஞ்சயன் ஏறினான், பிறகு கொழுந்தன் மகன் சுந்தர சோழன். பிள்ளை உத்தம சோழனுக்கு முறை வர 970 ஆகிவிட்டது. அம்மா கையில் அதிகாரம் வந்தது. சோழநாட்டுச் செங்கல் கோயில்கள் ஒவ்வொன்றாகக் கல்லாக மாறின. 985ல் ராஜராஜன் பட்டத்துக்கு வந்த பிறகும் வேலை நிற்கவில்லை. ராஜா மாறினால் என்ன, கொத்தனார் மாறினால்தானே கவலை!

கோனேரிராஜபுரத்தில் புருஷன் பேரில் கோயில் எடுத்து, அவர் சிவபூஜை செய்யும் கோலத்தையும் சுவரில் செதுக்க வைத்தார். இனி அவர் எங்கும் போக முடியாது. திருக்கோடிக்காவலில் பழைய கோயிலைப் பிரித்தபோது, அதிலிருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்ட வைத்தார். திருப்பணி என்று சொல்லி மணலைப் பீய்ச்சிக் கல்வெட்டின் மூக்கைத் தேய்க்கும் நம் காலத்துப் புண்ணியவான்களை அந்த அம்மாளிடம் ஒரு வாரம் வேலைக்கு அனுப்பலாம்.

இதையெல்லாம்விடப் பெரிய சாதனை ஒன்று உண்டு. நாகப்பட்டினம் பக்கத்தில் அவர் பேரிலேயே உள்ள ஊரில், அவருடைய பிறந்த நட்சத்திரமான கேட்டைக்கு மருமகள்கள் அறக்கட்டளை வைத்திருக்கிறார்கள். ஒரு மருமகள் அல்ல, உத்தம சோழனுக்குப் பல மனைவிகள். மாமியார் பிறந்தநாளை மருமகள்கள் சேர்ந்து கொண்டாடினார்கள் என்றால் கல்லில் வெட்டி வைத்தால்தானே நம்புவார்கள்?

அதே குடும்பத்தில் இன்னொரு விதவையும் இருந்தார். சுந்தர சோழனின் தேவி வானவன் மாதேவி பால்குடிக் குழந்தையை விட்டுவிட்டுத் தீயில் இறங்கினார். திருக்கோவிலூர்க் கல்வெட்டு அதைப் புகழ்ந்து பாடுகிறது. செத்தவருக்குப் பாட்டு கிடைத்தது, இருந்தவருக்கு வேலை கிடைத்தது. அந்த வானவன் மாதேவியின் மகன் ராஜராஜன் தஞ்சைக் கோயிலுக்கு வந்த கொடைகளைக் கல்லில் வெட்டச் சொன்னபோது தான் கொடுத்ததை முதலில் சொன்னான், அக்கா குந்தவை கொடுத்ததை அடுத்துச் சொன்னான், பெண்டாட்டிகள் கொடுத்தது அதற்கும் பிறகுதான். அன்று ராத்திரி அரண்மனையில் யார் சோறு போட்டார்களோ!

அரண்மனைக்கு வெளியே இருந்தவர்கள் கதை வேறு. 1201ல் பஞ்சம் தாங்காமல் ஒரு வேளாளர் தன்னையும் இரண்டு மகள்களையும் திருப்பாம்புரம் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றுக்கொண்டார். அந்தப் பெண்களுக்குப் பிறந்தநாள் கட்டளை எதுவும் கிடையாது.

சரி, வாள் எங்கே என்கிறீர்களா? வடக்கே ஓரங்கல்லில், இன்றைய வாரங்கல்லில், இருந்தது. காகதீய ருத்ரமாதேவி நாடாண்டார், படை நடத்தினார், 1289ல் போர்முனையில் இறந்ததாகச் சொல்கிறார்கள். ஆனால் பல கல்வெட்டுகளில் அவர் ருத்ரதேவ மகாராஜா. பெண்பிள்ளை ஆண்டாள் என்று எழுத உளிக்கு அவ்வளவு கூச்சம்.

நம் பக்கத்தில் வாள் வந்தது வேறு விதமாக. மங்கலம்பேட்டையிலிருந்து வடக்கு பஸ் பிடித்து உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டினால் சேந்தமங்கலம். காடவன் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் ராஜராஜனைப் பிடித்து அங்கேதான் அடைத்து வைத்தான். மானம் போன சோழனை மீட்க 1231ல் ஹொய்சள நரசிம்மன் அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்ற இரண்டு தளபதிகளை அனுப்பினான். அவர்கள் வழிநெடுக ஊர்களை அழித்தார்கள், பெண்களைச் சிறைபிடித்தார்கள், கொள்ளையடித்தார்கள். ஒளித்து வைக்கவும் இல்லை. கடலூர் திருவந்திபுரம் கோயில் சுவரில் சாதனைப் பட்டியலாகவே வெட்டி வைத்திருக்கிறார்கள். தளபதிகள் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்கிறது. பிடிபட்ட பெண்களின் பெயரைக் கேட்டு எழுதக் கல்தச்சனுக்கு உத்தரவு இல்லை போலும்.