ஓரத்தில் எழுதும் அண்ணாச்சி

இரவல் புத்தகத்தில் இப்படி எழுதலாமா என்று அண்ணாச்சியிடம் கேட்டால், "வே, நூலக வரி யாரு கட்டுதா?" என்று திருப்பிக் கேட்பார்.

கட்டுகிறார்தான். 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல். அந்தப் புண்ணியத்தில் இன்றைக்கும் வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகப் போகிறது. அந்தப் பத்துக் காசுக்கு ஈடாக அண்ணாச்சி எடுத்துக்கொண்டது, ஆறுமுகநேரி நூலகத்து நாவல்களின் நாலு பக்க ஓரங்களையும். நானும் வரி கட்டுகிறவன். நடுவில் அச்சடித்திருப்பது என் பங்கு என்று நினைத்திருந்தேன். அதிலும் அடிக்கோடு போட்டுவிடுகிறார்.

அவர் காலையில் பேப்பரை முதலில் கைப்பற்றுவதையும் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்வதையும் மன்னித்துவிடலாம். எல்லா ஊர் நூலகத்திலும் அதற்கென்று ஒருவர் உண்டு. இந்தப் பேனாவைத்தான் தாங்க முடியவில்லை.

ராஜேஷ்குமார் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் நாவல் எழுதியவர். அத்தனையிலும் கொலைகாரனைக் கடைசிவரை ஒளித்துவைக்க என்ன பாடுபட்டிருப்பார்! அண்ணாச்சி கொலைகாரன் பெயரை ஒருபோதும் எழுதிவைக்க மாட்டார். அது பாவம் என்று அவருக்குத் தெரியும். மற்றவர்களுக்கு மட்டும் நற்சான்று கொடுப்பார். டிரைவர் அறிமுகமாகும் இடத்தில் "இவன் இல்லை." டாக்டர் வந்ததும் "இவனும் இல்லை." மைத்துனன் வருவான், ஓரம் வெறுமையாக இருக்கும். அதற்குமேல் படிக்க என்ன இருக்கிறது? புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கறிகாய் வாங்கப் போகலாம்.

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' மணப்பாட்டுக் கரைக் கதை, நமக்குப் பக்கம். அதில் பிலோமி வருகிற இடமெல்லாம் "பாவம்" என்று எழுதியிருக்கிறார். முதல் தடவை வாசித்தபோது எரிச்சலாக இருந்தது. பாதி நாவல் தாண்டியதும், பிலோமி வந்து "பாவம்" வராத பக்கத்தில் எனக்கே ஏதோ குறைந்தது. இதுதான் அவருடைய கெட்ட குணம். தொற்றிக்கொள்ளும்.

அவரை மடக்கியவர் ஒரே ஒருவர்தான். யாரென்று இன்றுவரை தெரியாது. ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' நாவலில் கட்டுமரம் உடைந்து ஆட்கள் நடுக்கடலில் மிதந்து தத்தளிக்கிற பகுதி. பக்கத்தில் அண்ணாச்சியின் நீல மை: "பகலில் சூரியன், இரவில் நட்சத்திரம். திசை பார்த்துக் கரைப்பக்கம் நீந்த வேண்டியதுதானே?" அதற்குக் கீழே சிவப்பு மையில் வேறொரு கை: "ஒரு நாள் கடலுக்கு வாரும், பாப்போம்." வீரபாண்டியன்பட்டினத்துக் கையா, அமலிநகர்க் கையா, சொல்ல முடியாது. கடலில் நனைந்த கை என்பது மட்டும் நிச்சயம். அந்தத் தடித்த புத்தகத்தின் மீதிப் பக்கங்களில் அண்ணாச்சி ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. நான் நிம்மதியாகப் படித்து முடித்த நாவல் அது ஒன்றுதான்.

கடல்தான் அண்ணாச்சிக்கு ஆகாது. உப்பு அப்படியில்லை. ஓய்வு பெறும்வரை அளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' அவர் கையில் கிடைத்தால் விடுவாரா? முசிறியில் பிறந்த அந்த அம்மாள் தூத்துக்குடிப் பக்கம் வந்து, உப்பளத்து மக்களோடு பழகி, கேட்டு எழுதி, 1979-இல் வெளிவந்த நாவல். அண்ணாச்சி அதை வாசிக்கவில்லை, தணிக்கை செய்திருக்கிறார். மழைக்காலத்தில் அளம் ஓடாது என்று ஒரு குறிப்பு. கூலி எவ்வளவு என்று ஒரு கணக்கு, அதைச் சரிபார்த்து ஒரு டிக். இடம் போதாமல் துண்டுத் தாள் ஒட்டியிருக்கிறார், அதுவும் சோற்றுப்பசையில். அந்தப் பக்கத்தைப் பூச்சி அரித்து, இப்போது நாவலும் இல்லை, குறிப்பும் இல்லை.

பாத்தியில் வேலை செய்யும் பெண்களிடம் மேலாள்கள் நடந்துகொள்கிற விதத்தை அந்த அம்மாள் எழுதியிருக்கும் இடத்தில் மட்டும் மை அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. "எல்லாக் கணக்குப்பிள்ளையும் இப்படி இல்லை." சரி, அவர் கட்சி அது என்று நகரப் போனேன். கீழே அதே கை, கொஞ்சம் நடுங்கின எழுத்து, வேறு மை. எத்தனை வருஷம் கழித்து எழுதினாரோ: "இருந்தானுவ. நாங்களும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம்."

அந்த ஒரு வரிக்காக அவருக்கு ஒரு ஓரம் அல்ல, இரண்டு ஓரமே கொடுக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றியது உண்மை.

ஆனால் அடுத்த வாரமே கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' எடுத்தேன். பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி எழுதியதில் மை மறுபக்கமும் ஊறி, இரண்டு பக்கத்திலும் கி.ரா. காணாமல் போயிருந்தார். தெரிந்தது "அருமை" என்ற சொல் மட்டும். அருமைதான் அண்ணாச்சி, எதுவென்று எங்களுக்கும் தெரிய வேண்டாமா? ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் என்று எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் விதி எழுதினார். முதல் வாசகர் இரண்டாம் வாசகருக்கு ஒன்றும் மிச்சம் வைக்காமல் போவார் என்று அந்த மகானுக்குத் தோன்றியிருக்காது. இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல. போட்டித் தேர்வுக்குப் படிக்க வருகிற பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். மறுபதிப்பு வாங்கி அலமாரிக்கு வந்து சேர எத்தனை காலம் ஆகும் என்று உங்களுக்கும் தெரியும்.

ஆகவே அண்ணாச்சி, ஒரு விண்ணப்பம். இருநூறு பக்க நோட்டு ஒன்று நானே வாங்கித் தருகிறேன். புத்தகத்தின் பெயர், பக்க எண், உங்கள் தீர்ப்பு எல்லாம் அதில் எழுதுங்கள். உப்பளத்தைப் பற்றி முதலில் எழுதுங்கள், நிறைய எழுதுங்கள். நிறைந்ததும் என்னிடம் கொடுங்கள், ஒரு எழுத்து விடாமல் படிக்கிறேன். ஓரத்தில் எதுவும் எழுத மாட்டேன்.