கடல் இல்லாத ஊருக்கு வந்த புயல்

புயல் என்றால் திருவண்ணாமலையில் அது கடற்கரைக்காரர்களின் துயரம். எங்களுக்குக் கோடை தெரியும், குடிநீர்த் தட்டுப்பாடு தெரியும், ஏரி வறண்டு வெடித்துக் கிடப்பது தெரியும். புதுச்சேரிக் கடற்கரை சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நடுவில் செஞ்சிக் குன்றுகள், தலைக்குமேல் அண்ணாமலை. மலை இருக்கும்போது காற்று என்ன செய்துவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதனால் இந்த ஊரின் சேவைச் சங்கங்கள் எப்போதும் கொடுக்கிற பக்கத்திலேயே இருந்தன.

1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினத்தைப் புயல் அடித்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். அப்பா அப்படி ஒரு சங்கத்தில் உறுப்பினர். சைக்கிள் ரிக்‌ஷாவில் ஒலிபெருக்கி கட்டி, தேரடித் தெருவில் தொடங்கித் தெருத் தெருவாகப் போனார்கள். பெண்கள் முறத்தில் அரிசி கொண்டுவந்து கோணியில் கொட்டினார்கள். வீட்டில் ஒரு வேளைச் சோற்றுக்கு மட்டுமே அரிசி வைத்திருந்தவர்களும் கை நிறைய அள்ளிப் போட்டார்கள். அரிசிக்குப் பக்கத்தில் இன்னொரு குவியல் வளர்ந்தது, பழைய துணி. லாரி கிளம்பிய அன்று அதற்கு மாலை சாத்தி, சாம்பிராணி, கற்பூரம் எல்லாம் காட்டி வழியனுப்பினார்கள். ஒரு வாரத்துக்குள் ஆந்திராவின் திவிசீமையை அதைவிடப் பெரிய புயல் அழித்த செய்தி வந்தது. மறுபடியும் ரிக்‌ஷா, மறுபடியும் கோணி. அந்த மனசு பெரியது. அதை இன்றும் வணங்குகிறேன். ஆனால் அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் வழக்கம் அன்று எங்களிடம் இல்லை. இருப்பதைக் கொடுப்பதே தர்மம் என்று இருந்தது.

இருப்பதைக் கொடுக்கும் அந்த வழக்கம் எவ்வளவு காலம் நீடித்தது என்பதை 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பார்த்தோம். சாலையோரங்களில் பழைய துணி மலைமலையாகக் கிடந்தது. மழையில் நனைந்து, மண்ணில் புதைந்து, எடுப்பாரில்லாமல். முந்தின வாரம்வரை சொந்தமாகப் படகும் வலையும் வைத்துப் பிழைத்த குடும்பங்கள், எவரோ உடுத்திக் கழித்ததை ஏன் உடுத்த வேண்டும்? அவர்கள் கேட்டது மாற்றிக்கொள்ள ஒரு புது உள்ளாடை, சமைக்க ஓர் அடுப்பு, பிறகு படகு, வலை. லயன்ஸும் ரோட்டரியும் உலகெங்கும் திரட்டிய பணத்தில் கடலோரத்தில் வீடுகள் எழுந்தன. அது பெரிய காரியம். ஆனால் அது துணிக்குவியல்களையெல்லாம் அள்ளி அப்புறப்படுத்திய பிறகு நடந்தது.

இதற்கு நேர்மாறாக, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஒரு சின்ன ஊர் ரோட்டரி சங்கம் 2000-ல் ஒரு வேலையைத் தொடங்கியது. ஷெல்டர்பாக்ஸ் என்று பெயர். ஒரு பெட்டிக்குள் ஒரு குடும்பம் தங்கும் கூடாரம், போர்வை, சமையல் பாத்திரம், சில கருவிகள். பெட்டியைவிட அதற்குப் பின்னால் இருந்த யோசனைதான் எனக்குப் பிடித்தது: வீடு இழந்த ஒரு குடும்பத்தின் முதல் இரவை யாரோ உட்கார்ந்து முழுசாக நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

2018 நவம்பர் 16, கஜா புயல். வேதாரண்யம் பக்கம் எங்கள் சங்கத்திலிருந்து நாங்கள் போனபோது ஊருக்கு ஊர் மின்கம்பங்கள் ஒடிந்து கிடந்தன, தென்னை வேரோடு சாய்ந்து கிடந்தது. பிரதான சாலையோரத்துக் கிராமங்களில் லாரிகள் வரிசையாக நின்றன. உள்ளே நாலு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊரில் ஒன்றும் போய்ச் சேரவில்லை. அங்கே ஒரு பெரியவர் சொன்னார்: "அரிசி இருக்கு தம்பி. தண்ணிதான் இல்ல. டேங்குல ஏத்த கரண்டு இல்ல." அன்று அங்கே வேண்டியிருந்தது வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர், டீசல், அதை ஓட்டத் தெரிந்த ஓர் ஆள். பிறகு தார்ப்பாய், கொசுவத்தி, நாப்கின். இதெல்லாம் ஒலிபெருக்கி கட்டித் திரட்டுகிற பொருள் இல்லை.

ஆறு வருஷம் கழித்து, 2024 நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. புதுச்சேரியிலும் மயிலத்திலும் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டரை ஒட்டிய மழை. மறுநாள் அது எங்கள் மலைமேல் இறங்கியது. டிசம்பர் 1 மாலை, வ.உ.சி. நகரில், மலையடிவாரத்தில், மண்ணும் பாறையும் சரிந்து வீடுகளை மூடின. ஒரு வீட்டுக்குள் ஏழு பேர். அதில் ஐந்து பேர் பிள்ளைகள். தெரு குறுகல், பெரிய இயந்திரங்கள் உள்ளே நுழைய முடியவில்லை. தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் மோப்ப நாயுடன் வந்து, தலைக்குமேல் இன்னும் எந்தப் பாறை உருளுமோ என்ற நிலையில் கையால் தோண்டினார்கள். ஒருவரையும் உயிரோடு மீட்க முடியவில்லை. எங்களைக் காக்கும் என்று நம்பியிருந்த மலையிலிருந்தே அந்தச் சாவு வந்தது.

அன்றிரவே சாத்தனூர் அணை நிரம்பி, விடிவதற்குள் நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் போயிற்று. விழுப்புரமும் கடலூரும் மூழ்கின. கொடுக்கிற ஊர் என்று இருந்த எங்கள் ஊர், நிவாரண முகாமில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது.

கார்த்திகை தீபத்துக்கு இன்னும் 12 நாள்தான் இருந்தது. அன்னதானத்துக்காக எங்கள் சங்கம் வாங்கி அடுக்கியிருந்த அரிசி மூட்டைகளை முகாமுக்குத் திருப்பினோம். அப்போதுதான் வேதாரண்யத்திலிருந்து போன் வந்தது. கஜாவின்போது பழகியவர். விசாரிப்பு முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அண்ணே, அனுப்புறதுக்கு முன்னாடி சொல்லுங்க, அங்க என்ன வேணும்?" உடனே பதில் சொல்ல முடியாமல் முகாமுக்குப் போய்க் கேட்டுவிட்டுச் சொன்னேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு, பை. அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பெரியவர்களுக்குச் சர்க்கரை மாத்திரை, இரத்தக் கொதிப்பு மாத்திரை. நனைந்துபோன ஆதார், ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் மனு எழுதித் தர ஆள். சரியாக அவ்வளவும் வந்து சேர்ந்தது. ஒரு பழைய சேலைகூட இல்லை.

அந்த ஆண்டு தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. கொப்பரையும் நெய்யும் கொண்டுபோகிறவர்கள் மட்டும் போனார்கள். டிசம்பர் 13 மாலை 2668 அடி உச்சியில் தீபம் எரிந்தது. ஊர் கும்பிட்டது. அதற்குப் பிறகு கூட்டம் கலைந்தது, வெளியூர்ச் சங்கங்களின் வண்டிகளும் போய்விட்டன. என் மனசுக்கு முக்கியமாகப்படுவது அந்தத் தேதிக்குப் பிந்தைய வேலைதான். படம் எடுக்க அதில் ஒன்றுமே கிடையாது. அலுவலகத்துக்கு ஒரு பாட்டியைக் கூட்டிப்போய் வரிசையில் நிற்பது, மழை தூறினாலே அலறுகிற பிள்ளையை வாரந்தோறும் போய்ப் பார்ப்பது. உள்ளூர்ச் சங்கத்தால் மட்டும் முடிகிற காரியம் இது. எந்த மருந்துக்கடைக்காரர் இரவில் கதவு திறப்பார், யாரிடம் பொக்லைன் இருக்கிறது, எந்த வாத்தியார் பிள்ளைகளோடு நன்றாகப் பேசுவார் என்பதெல்லாம் உள்ளூரிலேயே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அடிவாரத்தில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. வேலைக்கு நடந்து போகிற தூரம், கொடுக்க முடிகிற வாடகை, பல வருஷம் சேர்த்துக் கட்டிய சுவர். எழுந்து போ என்றால் எங்கே போவார்கள்? மாற்றிடம் கொடுப்பது அரசின் கடமை. அதைக் கேட்டுக்கொண்டே இருப்பது சங்கத்தின் கடமை என்று நினைக்கிறேன். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் அரிசிப் பையோடு போனபோது ஓர் அம்மா பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னார்: "இது இருக்கட்டும் சார். ராத்திரில பெரிய மழை புடிச்சா, எங்கள வந்து யாரு எழுப்புவாங்க? அத மொதல்ல சொல்லுங்க."

அந்த மாதக் கூட்டத்தில் அதைத்தான் பேசினோம். தெருவுக்கு இரண்டு பேர், அவர்கள் கைப்பேசி எண்கள், நடக்க முடியாதவர்கள் எந்த வீட்டில், தங்குவதற்கு எந்தப் பள்ளி, அதன் சாவி யாரிடம். எழுதி ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒட்டியாயிற்று. மூன்று தெருக்களுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறோம்.