பொருள்: நாய்க்குச் சர்க்கரை

பெறுநர்: இயக்குநர் அவர்கள், கால்நடை பராமரிப்புத் துறை, சென்னை.

பார்வை: சர்க்கரை வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஓரிரு ஆண்டுகளுக்குள் கண்புரை விழுந்து அது போய்விடுகிறது. ஆகவே இங்கே குறிப்பிட ஏதுமில்லை.

ஐயா / அம்மா,

மாட்டுக்குச் சினை ஊசி, கோமாரித் தடுப்பூசி, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து, கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி என்று துறை எதையும் விட்டுவைக்கவில்லை. நாய்க்கும் வெறிநோய்த் தடுப்பூசி உண்டு. அது நாயைக் காக்கவா, நாயிடமிருந்து நம்மைக் காக்கவா என்று கேட்டால் தங்களுக்குச் சங்கடம், கேட்கவில்லை. அதே நாய்க்குச் சர்க்கரை வந்துவிட்டால், பால் கறக்காத, முட்டையிடாத தன் குற்றத்தை உணர்ந்து அது தானே ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது எழுதாத அரசாணை போலும்.

1889-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மிங்கோவ்ஸ்கி, ஃபான் மெரிங் என்ற மருத்துவர்கள் ஒரு நாயின் கணையத்தை அறுத்தெடுத்த பிறகுதான் இந்த நோயின் வேர் எங்கே என்று தெரிந்தது. 1921-இல் டொரான்டோவில் ஆய்வாளர்கள் பான்டிங்கும் பெஸ்ட்டும் தாங்கள் பிரித்தெடுத்த கணையச் சாற்றை, அதாவது இன்சுலினை, முதலில் ஏற்றிப் பார்த்ததும் நாய்களுக்குத்தான். நாய் வழியாக மனிதனுக்கு வந்த மருந்து நாய்க்குத் திரும்பிப் போகத்தான் வழியில்லை. மருந்துக்குப் பஞ்சம் என்று சொல்லவில்லை. இன்சுலின் தெருமுனை மருந்துக்கடையிலேயே இருக்கிறது. தொடர்ந்து பார்க்க ஆள்தான் இல்லை. நாய்க்கு மாத்திரை பலிக்காது. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை சோறும் ஊசியும், பெரும்பாலும் ஆயுள் முழுக்க. அளவு சரிதானா என்றறிய ஒரு பகல் முழுவதும் இரண்டு மணிக்கொரு தரம் ரத்தம் பார்க்க வேண்டும். புறநோயாளிச் சீட்டில் அதற்கு எந்தக் கட்டம்? மனிதருக்கான குளுக்கோமீட்டர் நாயின் சர்க்கரையைப் பெரும்பாலும் குறைத்தே காட்டும். மில்லிலிட்டருக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினை 40 யூனிட்டுக்கான சிரிஞ்சில் அளந்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய் நாய் சுருண்டு விழும். கருத்தடை செய்யாத பெட்டைக்கு அந்த அறுவை நடக்கும்வரை சர்க்கரை பிடிபடுவது கடினம். ஊசி எழுதிக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். வைத்தியம் அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

பணக்காரர் வீட்டு நாய்க்கு மக்கள் வரிப்பணமா என்பீர்கள். பணக்காரர் தனியார் கிளினிக்குக்குப் போய்விடுவார். அரசு மருத்துவமனை வாசலில் நிற்பவர் வேறு ஆள். போகட்டும், சைதாப்பேட்டையில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் வளர்த்துக் குட்டிகளை விற்றது தங்கள் துறைதானே? விற்றவருக்குக் கொஞ்சம் பொறுப்பு இருக்காதா? வேப்பேரிக்குப் போகச் சொல்வீர்கள். 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, சந்தேகமில்லை. தெற்கே வள்ளியூரிலிருந்து பஸ்ஸில் நாயை ஏற்றுவார்களா என்பதுதான் சந்தேகம். மருத்துவர் பற்றாக்குறை என்பது மட்டும் நியாயமான பதில். கன்று ஈன முடியாமல் தவிக்கும் மாடுதான் முதலில், மறுக்கவில்லை. ஆனால் இந்த நோயில் ஊசி போடுவதும் கணக்கு எழுதுவதும் வளர்ப்பவரே. அந்தக் கணக்கைப் படித்து அளவைத் திருத்த ஒருவர் போதும். மனிதர் விஷயத்தில் இது அரசுக்குப் புரிந்துதான் 2021-இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்து, சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே போகிறது. நாயைத் தேடி யாரும் வர வேண்டாம், அதுவே வரும்.

மாவட்டத்துக்கு ஒரு மருத்துவமனையில், வாரம் ஒரு நாள், மாறாத ஒரே மருத்துவர், நாய்க்கேற்ற ஒரு குளுக்கோமீட்டர், ஒரு குறிப்பேடு. கேட்பது இவ்வளவே. கட்டடமும் கல்வெட்டும் தேவையில்லை. அதனாலேயே கோப்பு நகராமல் போய்விடுமோ என்றுதான் பயம்.

இணைப்பு: 40 யூனிட் சிரிஞ்சு ஒன்று, சிவப்பு மூடி. 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு மூடி. இந்த வித்தியாசத்தை வாசலில் நிற்பவருக்குச் சொல்ல ஒருவரை அனுப்பவும்.