தொங்கும் குடைப்பாவாடை: ஆண்டுத் தையல் இலக்குகள் பற்றி ஓர் ஆய்வு

மதுரையில் கால்மிஷின் வைத்திருக்கும் ஒரு குடும்பப் பெண் டிசம்பர் 31 இரவு நோட்டைத் திறந்து என்ன எழுதுகிறார், அடுத்த டிசம்பர் 31 அன்று அதில் எத்தனை வரிகள் அடிக்கப்பட்டிருக்கின்றன என்பதே இவ்வாய்வின் பொருள். ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பெண்களின் எண்ணிக்கை 1. ஆய்வாளரும் அவரே. ஆகவே சில தரவுகள் மறைக்கப்பட்டிருக்கலாம் என்று வாசகர் ஐயுறுவது நியாயம்தான். நோட்டின் நடுவே இரண்டு தாள்கள் மளிகைச் சீட்டுக்காகக் கிழிக்கப்பட்டுவிட்டன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூல ஆவணத்தின் முதல் பக்கத்தில், மேலே நடுவில், பிள்ளையார் சுழி. அதன் கீழே இலக்குகள். மாதம் 1 என்று 12 ப்ளவுஸ். அதில் ஒன்றாவது பிரின்சஸ் கட், பைப்பிங் வைத்து. அம்மாவின் பழைய பட்டுச்சேலையில் மகளுக்குப் பாவாடை சட்டை. அவளுக்கே பூப்போட்ட பருத்தியில் ஒரு குடைப்பாவாடை. சித்திரைத் திருவிழாவுக்குத் தங்கை மகனுக்குக் கள்ளழகர் வேடம், சல்லடம் கச்சை உட்பட. பள்ளி மாறுவேடப் போட்டிக்கு வேலு நாச்சியார். தனக்கென்று 24 கலி வைத்த அனார்கலி ஒன்று. கடைசி வரியில், வேறு மையில், பிறகு நினைவு வந்தாற்போல, ‘கொலுவுக்கு மரப்பாச்சி உடுப்பு’. ஆண்டிறுதிக் கணக்கெடுப்பில் இப்பக்கத்தில் முழுமையாக முடிந்திருந்தவை இரண்டு. ஒன்று, பிள்ளையார் சுழி. மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

நம் இலக்கண மரபுப்படி எதற்கும் நிலமும் பொழுதும் வேண்டும். தையல் இலக்குக்கு நிலம் சாப்பாட்டு மேஜை. பெரும்பொழுது மார்கழி. சிறுபொழுது, பாத்திரம் கழுவி முடித்த பின் தூக்கம் வருவதற்கு முன் உள்ள இருபது நிமிடம். இந்த இருபது நிமிடத்தில் மனிதக் கைகளுக்கு இயலாதது எதுவுமில்லை. காஜா எடுப்பதுகூட எளிதாகத் தோன்றும்.

இலக்கை எழுதியவர் அடுத்து மிஷினிடம் போவார் என்று எதிர்பார்ப்பது அனுபவமில்லாதவர்களின் பிழை. அவர் விளக்குத்தூண் ஜவுளிக் கடைகளுக்குப் போகிறார். துணி வாங்குவதும் துணி தைப்பதும் இரு வேறு கலைகள். முதலாவதில் நான் தேர்ச்சி பெற்றவள். பிட்டுத் துணிக் குவியலில் கைவிட்டு, மேட்சிங் லைனிங்குக்காக நான்கு கடை ஏறி இறங்கி, ஒரே பச்சையில் ஒன்பது பச்சை இருப்பதை அறிந்து திரும்பும்போது, 12 ப்ளவுஸும் முடிந்துவிட்டதைப் போன்ற களைப்பும் நிறைவும் ஒருங்கே உண்டாகும். பருத்தி லைனிங்கை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும் என்பது எல்லாரும் அறிந்த விதி. இல்லாவிட்டால் முதல் சலவையில் உள்ளே அது சுருங்கி, வெளித்துணியையும் சேர்த்து இழுக்கும். ஆகவே நனைத்தேன், காயவைத்தேன், மடித்து வைத்தேன். நனைத்தது எது நனைக்காதது எது என்று அடுத்த ஜனவரியில் தெரியவில்லை. எல்லாவற்றையும் மறுபடி நனைத்தேன். அலமாரியில் உள்ள ஒரு கிளிப்பச்சை லைனிங் இதுவரை நான்கு முறை நனைந்திருக்கிறது. இனிமேல் சுருங்குவதற்கு அதனிடம் ஒன்றும் மிச்சமில்லை.

கருவிகளைப் பொறுத்தவரை ஒரே ஒரு சட்டம்தான் முக்கியம். துணிக் கத்தரியால் துணியைத் தவிர வேறெதையும் வெட்டக் கூடாது. காகிதம் பட்டால் முனை மழுங்கும். இச்சட்டம் எங்கள் வீட்டில் அனைவருக்கும் வாய்மொழியாக, பலமுறை, உரத்த குரலில் அறிவிக்கப்பட்டுள்ளது.

இனி வரலாறு. பிரான்சில் பார்த்தெலெமி திமோனியே என்ற தையற்காரர் 1830-ல் ஒரு தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ராணுவச் சீருடை தைக்க அவர் அமைத்த பட்டறைக்குள் மறு ஆண்டே பாரிஸ் தையற்காரர்கள் கூட்டமாகப் புகுந்து இயந்திரங்களை உடைத்தார்கள். பிழைப்பு போய்விடும் என்ற பயம். அந்தப் பயம் எவ்வளவு வீண் என்று அவர்களிடம் எடுத்துச் சொல்ல அப்போது நான் இல்லாமல் போனேன். மிஷின் உள்ள வீட்டிலிருந்துதான் தையற்கடைக்கு அதிக வேலை போகிறது. பாதி வெட்டி, பாதி ஒட்டி, முன்பக்கக் குழிவு பின்பக்கம் வரும்படி இடக்கையை வலப்பக்கம் பொருத்தி, ‘அண்ணே, இதை எப்படியாவது சரிபண்ணிக் குடுங்க’ என்ற வேண்டுகோளோடு. புதுத்துணிக்கு வாங்குவதைவிட இதற்கு அவர்கள் கூலி அதிகம் கேட்கிறார்கள். நியாயம்தான்.

நுனியில் காதுள்ள ஊசியையும் அடியிலிருந்து வரும் இரண்டாம் நூலையும் இணைத்து அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-ல் காப்புரிமை பெற்றார். 1851-ல் ஐசக் சிங்கர் வந்தார். பட்டினத்தாரைத் துறவியாக்கியது காதற்ற ஊசி என்பார்கள். காதுள்ள ஊசியும் அந்த வேலையைச் செய்யும் என்பதை, இரவு பதினொரு மணிக்கு 14-ஆம் நம்பர் ஊசியில் நூல் கோக்க முயன்ற எவரும் அறிவர். இயந்திரங்களை ஐயத்தோடு பார்த்த காந்தி 1924-ல் ஓர் உரையாடலில் சிங்கரின் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துத் தைத்து அல்லல்படுவதைக் காணப் பொறுக்காமல் அன்பினால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்பது காந்தி சொன்ன காரணம். சிங்கரின் வாழ்க்கை அத்தனை எளிமையானதன்று. அவர் நாடக நடிகர். ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள். இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். என் கருதுகோள் வேறு: அத்தனை பிள்ளைகளின் பள்ளிச் சீருடைக்கும் ஓரம் அடிக்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே உணர்ந்த மனிதர் வேறென்ன செய்வார்?

சிங்கர் கம்பெனி 1856-லேயே தவணை முறையில் மிஷின் விற்கத் தொடங்கிவிட்டது. மிஷினை இன்று வாங்கி, காசைப் பிறகு கொடுக்கலாம். துணியை இன்று வாங்கி, தையலைப் பிறகு போடலாம் என்ற கொள்கை இதிலிருந்து கிளைத்ததா என்பது தனி ஆய்வுக்குரியது.

இப்போது குடைப்பாவாடை. இக்கட்டுரையின் பெரும் சான்று இதுவே.

குடைப்பாவாடை என்பது நடுவில் ஓட்டை உள்ள ஒரு வட்டம். ஓட்டை இடுப்புக்கு, வெளிவட்டம் ஓரத்துக்கு. மகளின் இடுப்பு அப்போது 22 அங்குலம். கணக்கு டீச்சர் 22/7 என்று சொல்லிக்கொடுத்தபோது இது எதற்கு உதவும் என்று கேட்டு முட்டிபோட்டவள் நான். 22 அங்குலச் சுற்றளவுக்கு ஆரம் சரியாக மூன்றரை அங்குலம், மீதியே இல்லை! வெளியே ஓடிப்போய் டீச்சரைத் தேடிக் கும்பிடலாம்போல இருந்தது. துணியை நான்காக மடித்து, மூலையிலிருந்து மூன்றரை, அதற்கு மேல் நீளம் 24, மொத்தம் இருபத்தேழரை என்று சாக்பீஸால் வளைவு போட்டு வெட்டினேன். விரித்தபோது முழுநிலா. அந்த ஒரு மாலை முழுக்க நான் தையற்கலைஞர்.

வட்டத்தில் துணி எல்லாப் பக்கமும் ஒரேபோல நிற்காது. நேர் இழை ஓடும் இடம் அப்படியே இருக்கும். குறுக்கு விழும் நான்கு இடங்களில் துணி தன் எடையிலேயே இறங்கும். எனவே வெட்டியதும் ஓரம் அடிக்கக் கூடாது. ஓர் இரவு தொங்கவிட்டு, இறங்குவது இறங்கிய பிறகு சமன்செய்து அடிக்க வேண்டும். இதை நான் கடைப்பிடித்தேன். இடுப்புப் பட்டியைக் குண்டூசியால் பிடித்து, ஹேங்கரில் மாட்டி, அறைக் கதவின் பின்னால் தொங்கவிட்டேன்.

அது தொங்கத் தொடங்கிப் பதினோரு மாதமாகிறது.

காரணம் சோம்பல் என்று முடிவுகட்டுவோர் வெளிவட்டத்தின் சுற்றளவைக் கணக்கிடவில்லை. இருபத்தேழரை அங்குல ஆரத்துக்குச் சுற்றளவு ஏறத்தாழ 173 அங்குலம். அதாவது பதினான்கரை அடி. வட்டமான ஓரம் என்பதால் மடித்தால் சுருக்கம் விழும். விரல்விரலாக மடித்து அடிக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் கதவைச் சாத்தும்போது அந்தப் பதினான்கரை அடியைப் பார்ப்பேன். பிறகு கதவைத் திறந்துவிடுவேன். பாவாடை கண்ணில் படாது. இதற்கிடையில் வட்டத்துக்குள் அடங்கவேண்டிய பெண் வளர்ந்துவிட்டாள். இடுப்பு 24. நம் பாட்டிமார் பட்டுப்பாவாடையில் இரண்டு மூன்று டக் பிடித்துத் தைத்து, ஆண்டுக்கொன்றாகப் பிரித்துவிட்டார்களே, அதன் பின்னே இருந்த மதியூகம் இப்போதுதான் விளங்குகிறது. பிள்ளையின் வளர்ச்சி நம் தையலைவிட வேகமானது என்பதை அவர்கள் ஒத்துக்கொண்டு தைத்தார்கள்.

அந்தப் பதினோரு மாதமும் மிஷின் சும்மா இருந்ததா? இல்லை. ஆய்வின் வியப்பான முடிவு இதுதான். நிற்காமல் ஓடியது. வீட்டில் மிஷின் இருக்கிறது என்று தெருவில் தெரிந்துவிட்டால் அது குடிநீர்க் குழாய் மாதிரி. ‘மதினி, ஓரம் மட்டும் அடிச்சுக் குடுங்க’, ‘அக்கா, சும்மா ரெண்டு தையல்தான்’, ‘ஏத்தா, இந்தத் தலையணை உறை வாயை மட்டும் பிடிச்சிரு’. ‘மட்டும்’ என்ற சொல்லைத் தையல் அளவையாகக் கொண்டால் ஒரு மட்டும் ஏறத்தாழ முக்கால் மணி நேரம். என் சித்தி ஒரே நாளில் ஐந்து சேலையும் ஃபால்ஸும் கொண்டுவந்தார். ஒரு ஃபால்ஸ் நீளம் இரண்டரை மீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். கீழோரம் மிஷினில் போய்விடும். மேலோரம் கைத்தையல்தான், வெளியே தெரியக் கூடாது. அரை சென்டிமீட்டருக்கு ஒரு தையல் என்றால் சேலைக்கு 500. ஐந்து சேலைக்கு 2,500. இந்தக் கைவேலையில் குடைப்பாவாடையின் ஓரத்தை மிஷினில் ஆறேழு முறை சுற்றிவந்திருக்கலாம். சித்தி காப்பி குடித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முடித்துக் கொடுத்தேன். பன்னிரண்டு ப்ளவுஸில் ஒன்று முடிந்ததும் இதே வழியில்தான். அதுவும் என்னுடையதன்று, மதினியுடையது.

ஒப்பீட்டுக்காகத் தொழில்முறையினரையும் பார்ப்பது ஆய்வு நெறி. திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில், மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, சிற்பத் தூண்களுக்கு இடையில் தையல் மிஷின்கள் வரிசையாக ஓடிய காலத்தை மதுரைக்காரர்கள் மறக்கமாட்டார்கள். பிறகு கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம்மாறின. சித்திரை நெருங்கினால் அழகர் வேடத்துக்கான உடுப்புகள் அங்கே மலைமலையாகத் தைக்கப்படும். பளபளக்கும் துணியில் சல்லடம், கச்சை, ஜரிகை வைத்த தலைப்பாகை, தண்ணீர் பீய்ச்சுவோருக்கு வேண்டியவை. தங்கை மகனுக்கான துணியை நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது (ஆம், அந்த இலக்கும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது) ஒரு பெரியவரிடம் அவர் ஆண்டுத் திட்டத்தைப் பற்றிக் கேட்டேன். ‘என்னத்தம்மா திட்டம்? அழகர் ஆத்துல எறங்கணும். அதுக்கு முந்தி முடியணும்’ என்றார். சித்ரா பௌர்ணமி யாருக்காகவும் ஒத்திப்போகாது. அழகர்கூட என்ன நிறப் பட்டு உடுத்துவது என்று மார்கழியிலேயே நோட்டில் எழுதி வைப்பதில்லை. அந்த வேளையில் பெட்டிக்குள் கைவிட்டு எந்தப் பட்டு வருகிறதோ அதுதான். பச்சை வந்தால் நாடு செழிக்கும் என்று ஊரே மகிழும். ஒன்பது பச்சையில் எது மேட்சிங் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

வேலு நாச்சியார் வாடகைக் கடையிலிருந்து வந்தார். அட்டைவாள் மட்டும் என் கைவண்ணம்.

ஆயுத பூஜையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டிலேயே அன்று ஒருநாள்தான் மிஷின் முழுமையாகத் தயார்நிலையில் இருக்கும். பஞ்சு படிந்த ஷட்டிலைத் துடைத்து, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, பாபின் கேஸ் பளபளக்க, சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை போட்டு நிற்கும். கால் வைத்தால் பறக்கும். அன்றைக்குத்தான் அதைத் தொடக் கூடாது.

அந்த நவராத்திரியில்தான் மேலே நிறுத்திவைத்த இரண்டாவது இலக்கு நிறைவேறியது. மரப்பாச்சி உடுப்பு. ராஜாவுக்குச் சரிகை அங்கவஸ்திரம், ராணிக்குக் கொசுவம் வைத்த சேலை, ரவிக்கை. ரவிக்கையின் துணி, மேலே சொன்ன கிளிப்பச்சை லைனிங்கின் ஒரு மூலை. ஏன் இது மட்டும் முடிந்தது என்று நெடுநாள் யோசித்தேன். செம்மரப் பொம்மைக்கு இடுப்பு வளராது, கை தூக்கினால் இழுக்கிறது என்று சொல்லாது, கண்ணாடியின் முன் நின்று திரும்பித் திரும்பிப் பார்க்காது. இவையெல்லாம் துணைக்காரணங்கள். மூலகாரணம், அன்று மாலை ஆறு மணிக்கு வெற்றிலை பாக்குக்கு ஆட்கள் வாசலில் வந்து நின்றுவிடுவார்கள் என்பதுதான். சித்தி நின்றார், ஃபால்ஸ் முடிந்தது. அழகர் நிற்கிறார், சல்லடம் முடிகிறது. குடைப்பாவாடைக்காக வாசலில் நின்றவர் யாருமில்லை.

இக்கட்டுரையை இவ்விடத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போது மகள் ஹேங்கரோடு அதைத் தூக்கிக்கொண்டு வந்து நிலைப்படியில் நின்றாள்.

‘அம்மா, வெள்ளிக்கிழமை ஆண்டுவிழா. டான்ஸுக்கு இது போடலாமான்னு மிஸ்கிட்ட கேட்டுட்டேன். ஓரம் மட்டும்தான பாக்கி?’

‘உனக்கு இடுப்பு பத்தாதுடி. ரெண்டு அங்குலம் குறையுது.’

சொல்லிவிட்டு நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டேன். 22-ஐ 24 ஆக்க ஆரத்தில் எவ்வளவு கூட்ட வேண்டும்? 24-ஐ 44/7-ஆல் வகுத்தால் 3.82. ஏற்கெனவே 3.5 வெட்டியாகிவிட்டது. மிச்சம் 0.32. அங்குலத்தில் மூன்றிலொரு பங்கு. சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. பட்டியைக் கழற்றி, உள்வட்டத்தில் அவ்வளவை வெட்டிவிட்டால் தீர்ந்தது. பதினோரு மாதமாக நான் கதவைத் திறந்து மறைத்துவைத்தது இந்தச் சுண்டுவிரலைத்தான்.

அவள் நகரவில்லை. மேஜையைக் காலிசெய்தேன். டேப்பை எடுத்தேன், சாக்பீஸை எடுத்தேன், கத்தரி இருக்கும் டிராயரைத் திறந்தேன். கத்தரி இல்லை. அடுப்படியில், ஈர மேடையில், வெட்டிய பால் பாக்கெட்டின் மூலையோடு கிடந்தது.