கோட்டை வாசலோடு நின்றுபோன சுயாட்சி

மாநில சுயாட்சிக்கு நான் எதிரியில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் டெல்லி ஏஜென்ட் என்று பட்டம் கட்டிவிடுவார்கள். கச்சிராயப்பாளையத்துக் கரும்புக்கு டெல்லியில் விலை வைப்பதும், சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களை ஆளுநர் மாளிகை அடைகாப்பதும் அக்கிரமம்தான். 1969-இல் ராஜமன்னார் குழு, 1974-இல் சட்டமன்றத் தீர்மானம், 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் இன்னொரு குழு. அரை நூற்றாண்டாகக் கேட்கிறோம்; கேட்பதில் நியாயம் இருக்கிறது. என் சந்தேகமெல்லாம், வாங்குகிற அதிகாரம் எந்த ஊரில் போய் இறங்கும் என்பதுதான். அது சென்னைக் கோட்டையை விட்டு வெளியே வந்து கள்ளக்குறிச்சி பஸ் ஏறியதாக இதுவரை தகவல் இல்லை.

மாவட்டம் பிறந்த கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நிர்வாகத்தை மக்களின் வாசலுக்கே கொண்டுவருகிறோம் என்று விழுப்புரத்திலிருந்து பிரித்து, 2019 நவம்பர் 26-ஆம் தேதி கள்ளக்குறிச்சி மாவட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். அடுத்த மாதமே ஊரக உள்ளாட்சித் தேர்தல். புது மாவட்டம், வார்டு மறுவரையறை முடியவில்லை என்று ஒன்பது மாவட்டங்களுக்கு மட்டும் தேர்தல் நின்றது. மற்ற 27 மாவட்டங்கள் ஓட்டுப் போட்டதை நாம் டிவியில் பார்த்தோம். நிர்வாகம் வாசலுக்கு வந்ததென்னவோ நிஜம். வந்த கையோடு வீட்டுக்காரனை வெளியே நிறுத்திவிட்டது. 2016 அக்டோபரில் காலியான ஊராட்சித் தலைவர் நாற்காலியில் 2021 அக்டோபர் வரை பி.டி.ஓ.தான் தனி அலுவலர். ஒரு முழுப் பதவிக்காலம் அப்படியே போச்சு! 2016-இல் ஒரு கட்சி ஓட்டை உடைசலாகத் தேர்தல் அறிவிக்கை போட்டது. இன்னொரு கட்சி அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனது. இரண்டு பேருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. தேர்ந்தெடுத்த ஆட்கள் இல்லையே என்று டெல்லியும் தன் பங்குக்கு நிதிக்குழு மானியத்தை நிறுத்தி வைத்தது.

இந்த லட்சணத்தில் மேடைக்கு மேடை உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை, பராந்தகச் சோழன். அந்த உத்திரமேரூர் இருக்கிற காஞ்சிபுரம் மாவட்டமும் நின்றுபோன ஒன்பதில் ஒன்று. கல்வெட்டு மட்டும் பத்திரமாக இருக்கிறது. ஆட்சி மாறியதே, இனி தேதி தவறாது என்று நம்பினவர்களும் உண்டு. அன்றைக்கு ஓட்டுப் போட்ட அந்த 27 மாவட்டத்து ஊராட்சிகளும் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு மறுபடி தனி அலுவலர் கைக்குப் போய்ச் சேர்ந்தன.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலைக்கு இதெல்லாம் புதிதில்லை. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகிர்களாகப் பங்கு போட்டு ஆண்ட மலை அது. நாடு சுதந்திரம் வாங்கிக் கால் நூற்றாண்டு தாண்டியும் மலையாளிப் பழங்குடிகள் ஜாகிர்தாருக்கு வரியும் கட்டி, வெட்டி வேலையும் செய்தார்கள். அரசு மலையைக் கையில் எடுத்தது 1976-இல். அந்த வருஷம் ஜனவரியில்தான் டெல்லி இங்கிருந்த ஆட்சியைக் கலைத்திருந்தது. ஆக, ஜாகிரை ஒழிக்கவும் ஆளுநர் ஆட்சிதான் வரவேண்டியிருந்தது. சுயாட்சி பேசுகிற எவரும் இதை மேடையில் சொல்லிக் கேட்டதில்லை. ஜாகிர் ஒழிந்ததா? வனத்துறை, வருவாய்த்துறை, போலீஸ் என்று பெயர் மாறியது. பிள்ளைக்கு எஸ்.டி. சான்றிதழா, கோட்டாட்சியரைப் பார். பிரசவ வலி எடுத்த பெண்ணைத் தூளி கட்டிக் கம்பில் சுமந்துபோகிற பாதையை ரோடாக்க வேண்டுமா, ரேஞ்சரைப் பார். கிராம சபை பரிந்துரைத்தால் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட காட்டு நிலத்தை ரோட்டுக்கு ஒதுக்கலாம் என்று 2006 வன உரிமைச் சட்டமே சொல்கிறது. சட்டம் சொல்லும், ரேஞ்சர் சொல்ல வேண்டாமா?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். விற்ற இடத்துக்குப் போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டும் கூப்பிடு தூரம். அதன்பிறகு அரசுக்கு வந்த சுறுசுறுப்பைச் சொல்லி மாளாது. ஆட்சியர் மாற்றம், எஸ்.பி. சஸ்பெண்ட், குடும்பத்துக்குப் பத்து லட்சம், ஒரு நபர் ஆணையம், தண்டனையைக் கூட்டிச் சட்டத் திருத்தம். பிறகு போலீஸ் மலையேறியது. ஓடையோரம் ஒளித்துவைத்த பேரலைத் தேடிப் பிடித்து, வெல்லமும் மரப்பட்டையும் நுரைத்துக் கிடந்த ஊறலைக் கவிழ்த்து, கவிழ்க்கும்போதே போட்டோ எடுத்து, இத்தனை லிட்டர் அழிப்பு என்று பத்திரிகைக்குக் கொடுத்தது. மலையில் காய்ச்சுகிறவர்கள் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மெத்தனால் என்ன கடுக்காய் மரத்திலா காய்க்கிறது? அது ஆலைச் சரக்கு. தார் ரோட்டில் வண்டி ஏறித்தான் வந்திருக்கும். ரோடே இல்லாதவன் தலையில் பழி விழுந்தது. கடைசியில் உயர் நீதிமன்றம் தானாக வழக்கெடுத்து, மலையில் ரோடு எங்கே, ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்க வேண்டி வந்தது.

நாட்டில் 1996-இலிருந்து பெசா என்று ஒரு சட்டம் இருக்கிறது. பழங்குடிப் பகுதிகளில் மதுவைத் தடுக்கவும், விற்பனையைக் கட்டுப்படுத்தவும் கிராம சபைக்கும் ஊராட்சிக்கும் அதிகாரம் தரச் சொல்கிற சட்டம். அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பகுதிகளுக்குத்தான் அது செல்லும். தமிழ்நாட்டில் அப்படி ஒரு பகுதிகூட இல்லை. கல்வராயன் இல்லை, ஜவ்வாது இல்லை, கொல்லிமலை இல்லை. குடியரசுத் தலைவர்தான் அறிவிக்க வேண்டும் என்று கைகாட்டலாம். கல்வியைப் பொதுப்பட்டியலிலிருந்து மீட்கக் கேட்கிற தொண்டையை இதற்கும் கொஞ்சம் செலவழித்தால் என்ன?

கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்டம் என்று தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிக்கே கொடுத்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. இங்கே கிராம சபையை வருஷத்துக்கு ஆறு தடவை கூட்டுகிறோம். டாஸ்மாக் கடை வேண்டாம் என்று தீர்மானம் போடலாம், கையெழுத்துப் போடலாம், மிக்சர் சாப்பிடலாம். கடையின் சாவி மட்டும் ஊரில் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே 1994 ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆம் பிரிவு. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரை, விளக்கம் கேட்டு, வார்டு உறுப்பினர்களின் கருத்தையும் ஒரு சடங்குக்குக் கேட்டுவிட்டு, மாவட்ட ஆட்சியர் பதவியிலிருந்து தூக்கலாம். அரசியல் சட்டத்தின் 356-ஆம் பிரிவை வைத்து நம் ஆட்சியைக் கலைத்தார்களே என்று 1976-ஐயும் 1991-ஐயும் சொல்லிச் சொல்லிக் குமுறுகிறோமே, அந்த 356-க்குத் தம்பி இது. ஆளுநர் டெல்லியின் ஆள் என்றால், ஆட்சியர் யாருடைய ஆள்? கல்வராயன் மலை ஒன்றியத்து ஊராட்சித் தலைவர்கள் அத்தனை பேருக்கும் ஆட்சியர்தான் ஆளுநர், சென்னைதான் டெல்லி.

இதற்குக் குழு எதுவும் வேண்டாம். உள்ளாட்சி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 205-ஐ எழுதியது நம் சட்டமன்றம். மனம் இருந்தால் ஒரு மத்தியான நேரத்தில் அதை அடித்துவிட்டு, மதுக்கடைச் சாவியையும் நிதியையும் ஊராட்சிக்குக் கொடுத்து மசோதா நிறைவேற்றலாம். அந்த மசோதாவையும் ஆளுநர் கிடப்பில் போட்டால் சொல்லி அனுப்புங்கள். கொடி பிடித்துக் கோஷம் போட மலையே இறங்கி வரும், முன்வரிசையில் நானும் நிற்கிறேன்.